ஓட்டிப் பார்க்காத ஜாவா

என் தாத்தாவின் மகள் சரியான விடை எழுதியதற்காக எட்டுப் புள்ளியை இழந்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கல்முனைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்போம். ஆகவே நான் அவளுக்குச் சாச்சி, சின்னம்மா. பிழையான விடைக்குப் புள்ளி போயிருந்தால் நானும் இரண்டு வார்த்தை ஏசிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போயிருப்பேன். ஆனால் அது சரியான விடை. அதன் மேலே சிவப்புப் பேனையால், தாள் கிழியும்படி, பிழை என்று ஒரு புள்ளடி.

கேள்வி சாதாரணமானது. ஒருவரிடம் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, அது சரியா பிழையா என்று சொல்லும் ஒரு ஜாவா புரோகிராமை எழுத வேண்டும். அவர் தந்த சொல்லும் ஏற்கெனவே வைத்திருக்கும் சொல்லும் ஒன்றா என்று பார்க்கும் இடத்தில் அவள் ‘ஈக்குவல்ஸ்’ என்ற கட்டளையைப் பாவித்திருந்தாள். ஜாவா தெரிந்த எவரும் அங்கே அதைத்தான் எழுதுவார். திருத்தியவர் அதைச் சுற்றி வட்டம் போட்டு, ‘டியூட்டில் உள்ளபடி எழுதவும்’ என்று குறிப்பும் வைத்திருந்தார். டியூட் என்பது வகுப்பில் கொடுக்கும் போட்டோக்கொப்பிப் பாடக்குறிப்பு. டியூட் தராத வகுப்புக்கு எங்கள் ஊரில் யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

நாற்பது புள்ளி எடுத்தால் சித்தி, அதாவது தேர்ச்சி. அவளுக்கு முப்பத்தைந்து. கொழும்பில் ஒரு கம்பனி அவளைப் பயிலுநராக எடுக்கச் சம்மதித்து, இந்தப் பாடநெறியின் சான்றிதழைத் திங்கட்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. அன்று வியாழன். வெள்ளியும் ஞாயிறும் அவள் படித்த கொம்பியூட்டர் நிலையம் பூட்டு. மிச்சம் இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான்.

“ஈக்குவல்ஸ் எண்டு ஒனக்கு ஆரு சொல்லித் தந்த?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் இல்ல சாச்சி. பஸ்ஸில வரக்குள்ள போன்ல ஓட்டிப் பாத்தன். டியூட்டில இரிக்கிற மாதிரி எழுதினா, சரியான பாஸ்வேர்டக் குடுத்தாலும் பிழை எண்டுதான் சொல்லுது. புறகு ஜாவாட டொக்குமென்டேஷன் பக்கத்துக்குப் போய் வாசிச்சன். அதுல வடிவா விளங்கப்படுத்தி இரிக்கி.”

தாத்தா வாழ்க்கைப்பட்டது சம்மாந்துறையில். அங்கிருந்து வரும் பஸ்ஸில், நெல் ஏற்றிய உழவு இயந்திரங்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு, பெருவிரலால் ஜாவா எழுதி ஓட்டிப் பார்த்திருக்கிறாள் இந்தப் பிள்ளை. பிழைத்ததும் யாரையும் கேட்காமல் விளக்கம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போயிருக்கிறாள். எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிடமே அந்தப் புள்ளடி கண்ணில் பட்டது.

“இதச் சேரிட்டச் சொன்னயா?”

“சொன்னன். போன் வேற, பரீட்சை வேற எண்டிட்டாரு.”

“எங்க அந்த டியூட்? எடு பாப்பம்.”

அவள் பையிலிருந்து எடுத்துக்கொண்டே சொன்னாள், “எழுத்து மட்டும் சரியான வடிவு சாச்சி. எங்கட கிளாஸ்ல எல்லாரும் இந்த மாதிரி எழுதப் பழகுற.”

கொப்பிக்குக் கொப்பி எடுத்து எடுத்து ஓரமெல்லாம் கறுத்துப்போன தாள்கள். தலைப்புகளுக்குக் கீழே இரட்டைக் கோடு. ‘ழ’வுக்கு நீளமான ஒரு வால். அந்த வாலை நான் எங்கே கண்டாலும் அறிவேன். அது என் எழுத்து.

அவளிடம் உடனே சொல்ல மனம் வரவில்லை.

பதினொரு வருடத்துக்கு முன்னால் நான் அதே நிலையத்தில் ஜாவா படித்தேன். பிரதான வீதியில், ஒரு புடவைக் கடைக்கு மேலே மாடி. படிப்பித்ததும் இதே சேர்தான். கரும்பலகையில் புரோகிராமை எழுதுவார். நாங்கள் அதை ரஃப் கொப்பியில் எழுதி, வீட்டுக்குப் போய்த் தடித்த அட்டை போட்ட பெரிய சீஆர் கொப்பியில் வடிவாக மாற்றி எழுதி, பிறகு பாடமாக்குவோம். ஆம், புரோகிராமைப் பாடமாக்குவோம். அடைப்புக்குறி எங்கே திறக்கிறது, எந்த வரியில் மூடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்தவள் கெட்டிக்காரி. நான்தான் வகுப்பிலேயே கெட்டிக்காரி.

கொம்பியூட்டர் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு இருந்தன, பூப்போட்ட துணியால் மூடப்பட்டு. அந்த அறையைப் பரீட்சை மாதத்தில்தான் திறப்பார்கள், இல்லாவிட்டால் உள்ளே தூசு போய்விடுமாம். அப்போதும் எதையாவது பிழையாக அடித்துச் சிவப்பு எழுத்தில் ஏதும் வந்தால், “எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து அடிங்க” என்பார் சேர். அந்தச் சிவப்பு எழுத்து எத்தனையாவது வரியில் என்ன பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தது. எங்களுக்கு உதவி செய்யத்தான் அது வந்தது. ஒரு வருடம் முழுக்க நாங்கள் அதை வாசிக்காமல் அழித்தோம். இதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்னொன்றும் இருந்தது, ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் தலையணை மொத்தத்தில் ஜாவாப் புத்தகங்கள். யாரோ வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக அனுப்பியவை. அலுமாரிக்குப் பூட்டு, பூட்டின் திறப்பு சேரின் இடுப்பில். ஒருமுறை நான் ஒரு புத்தகத்தைக் கேட்டேன். “புள்ளயள் கிழிச்சிருவாங்க மகள், டியூட்ல எல்லாம் இரிக்கிதானே” என்றார். கண்ணாடி வழியாக முதுகுகளை வாசித்துவிட்டு வீடு வந்தேன்.

பாடநெறி முடியும்போது என் சீஆர் கொப்பியை ஒரே ஒரு நாளைக்குத் தரும்படி சேர் கேட்டார். எழுத்து வடிவாக இருக்கிறதாம், மற்றப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். கொடுத்தேன். அது திரும்பி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஒரு கிழமை கால் தரையில் படாமல் நடந்து திரிந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சான்றிதழோடு கொழும்பில் ஒரு கம்பனியின் செய்முறைத் தேர்வுக்குப் போனேன். முன்னால் கொம்பியூட்டர், பக்கத்தில் கேள்வித்தாள். அதன் முதல் வரியிலேயே, இணையத்தையும் ஜாவா விளக்கப் பக்கங்களையும் தாராளமாகப் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. நான் அதைப் பொறி என்று நினைத்தேன். எங்களுக்குப் பார்ப்பது என்றால் கொப்பியடிப்பது, கொப்பியடிப்பது என்றால் களவு. யார் பார்க்கிறார்கள் என்று பிடிக்கத்தான் இப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பக்கத்தில் இருந்தவர் விளக்கப் பக்கத்தைத் திறந்து வைத்து எழுதியதைக் கண்டு, பாவம், அகப்படப் போகிறார் என்று இரக்கப்பட்டேன்.

வந்தது அதே கடவுச்சொல் கேள்வி. பாடமாக்கிய புரோகிராமைப் பத்து நிமிடத்தில் அடித்து முடித்தேன். ஓட்டினேன். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தேன். ‘பிழை’ என்றது. அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தேன். ‘பிழை’. மூன்றாம் முறையும் அழித்து அடித்தேன். தேர்வு நடத்திய பெண் என் பின்னால் வந்து நின்று, “டிபகர் போட்டு ஒவ்வொரு வரியாக நிறுத்திப் பாருங்களேன்” என்றார். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். “இல்ல மிஸ், எனக்குப் பாடம்” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம் இருந்திருந்தால் நான் மறந்திருப்பேன். இருந்தது பரிதாபம். பக்கத்தில் இருந்தவருக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கல்முனை பஸ் கிடைத்தது.

பிழை எங்கே என்று பிறகுதான் தெரிந்தது. கொப்பியில் அந்த இடத்தில் ஈக்குவல்ஸ் இல்லை, இரண்டு சமக்குறிதான் இருந்தது. எண்களுக்கு அது போதும். சொற்களுக்கு அப்படி எழுதினால், இவை இரண்டும் ஒரே பொருளா என்றுதான் ஜாவா பார்க்கும். மருதமுனைத் தறியில் ஒரே நிறம், ஒரே கோடு போட்டு இரண்டு சாரன் நெய்தாலும் அவை இரண்டு சாரன்தானே. நிறமும் கோடும் ஒன்றா என்று கேட்பதற்குத்தான் ஈக்குவல்ஸ். நான் பாடமாக்கிய புரோகிராம் எவர் என்ன கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் பிழை என்றே சொல்லும். ஒருமுறை ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். யாரும் ஓட்டவில்லை.

வீட்டில் பழைய லெப்டொப்பை வைத்துக்கொண்டு நான் ஜாவாவைத் திரும்பப் படித்தேன். சிவப்பு எழுத்தை வாசிக்கப் பழகினேன். விளக்கப் பக்கங்களில் ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். டிபகரில் ஓடுகிற புரோகிராமை ஒரு வரியில் நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். ஜேஷெல் என்று ஒன்று ஜாவாவோடு சேர்ந்தே வருகிறது, ஒரே ஒரு வரியை எழுதி உடனே பதில் வாங்கலாம். எனக்கு வந்த பிழை ஒவ்வொன்றும் எனக்கு முன்னால் ஆயிரம் பேருக்கு வந்திருந்தது, அவர்கள் கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் இணையத்தில் கிடந்தன. எல்லாம் இலவசம், எல்லாம் திறந்தே கிடந்தது. எங்கள் அலுமாரிக்கு மட்டும்தான் பூட்டு. இன்று நான் வீட்டிலிருந்தே ஒரு கம்பனிக்கு ஜாவா எழுதுகிறேன். ஆனாலும் அந்தப் பஸ் பயணத்துக்காக அந்த மனிதரைப் பதினொரு வருடம் மனதுக்குள் ஏசிக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை காலை லெப்டொப்பையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன். சேருக்குத் தாடி நரைத்திருந்தது. ஸலாம் சொன்னதும் முகம் மலர்ந்து, “வாங்க மகள், இரிங்க” என்று கதிரையை இழுத்துப் போட்டார். அந்த அன்பு எனக்கு எரிச்சலை இன்னும் கூட்டியது. சுகம் விசாரிக்காமல் லெப்டொப்பைத் திறந்து, டியூட்டில் இருந்தபடியே அடித்த புரோகிராமை ஓட்டினேன்.

“பாருங்க சேர். சரியான பாஸ்வேர்டத்தான் குடுக்கன். என்ன சொல்லுது?”

அவர் திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி சாரன் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். “ஒவ்வொரு கொம்பியூட்டரும் ஒவ்வொரு மாதிரி மகள். உங்கட லெப்டொப்ல என்னமும் கோளாறு இரிக்கும்.”

“கோளாறு லெப்டொப்ல இல்ல சேர், டியூட்ல! சரியா எழுதின புள்ளக்குப் புள்ளடி போட்டிரிக்கீங்க. திங்கக்கிழமைக்குள்ள சேர்ட்டிபிகேட் போகாட்டி இவட வேல போயிரும். ஓடாத புரோகிராமப் பாடமாக்கிப் போய்த்தான் கொழும்பில நானும் வெக்கப்பட்டு வந்த. இன்னும் எத்தின புள்ளயள அனுப்பப் போறீங்க?”

என் குரல் அளவு மீறியிருக்க வேண்டும். படியில் நின்ற பிள்ளைகளின் சத்தம் நின்றுபோனது. சேர் கோபப்படவில்லை. எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார். அந்தப் பூட்டுத் திறந்ததை நான் கண்டது அதுதான் முதல் தடவை. புத்தகங்களுக்கு நடுவில், பொலித்தீனில் சுற்றி, என் சீஆர் கொப்பி. கொண்டுவந்து மேசையில் வைத்து அந்தப் பக்கத்தை விரித்தார்.

“இது ஆர்ர எழுத்து?”

“என்ட எழுத்துத்தான். நீங்க போட்ல எழுதினதத்தானே நான் எழுதின.”

அவர் திரும்பவும் அலுமாரிக்குப் போய், கிளிப் துருப்பிடித்த ஒரு பழைய பைலை எடுத்து வந்தார். அது அவருடைய சொந்தக் குறிப்பு. நான் அந்த வகுப்புக்கு வருவதற்கு முதல் எழுதியது. தாள்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். கோழி கிளறிய மாதிரி ஓர் எழுத்தில், சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஈக்குவல்ஸ்.

கொப்பியை இழுத்துப் பார்த்தேன். அந்த வரி பக்கத்தின் ஓரச் சிவப்புக் கோட்டில் வந்து சரியாக முட்டி நின்றது. ஈக்குவல்ஸ் எழுதியிருந்தால் கோட்டைத் தாண்டியிருக்கும். எனக்குக் கோட்டைத் தாண்டுவது அறவே பிடிக்காது, பக்கம் அசிங்கமாகிவிடும். எண்களுக்கு இரண்டு சமக்குறி போட்டோமே, இங்கும் போட்டால் என்ன என்று நினைத்து எழுதியிருப்பேன். எழுதிய நேரம் நினைவில்லை. ஆனால் அதைச் செய்யக்கூடிய ஆள் நான்தான். பதினொரு வருடம் அவரை ஏசியது என் சொந்தப் பிழைக்காக.

வெட்கத்தில் என் கோபம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

“அப்ப உங்களுக்குச் சரி எது எண்டு தெரிஞ்சிரிக்கி சேர்.”

“ஓம், அந்த நேரம் தெரியும். உங்கட கொப்பி வந்ததுக்குப் புறகு அதப் பாத்துத்தான் போட்லயும் எழுதுற, அத வெச்சித்தான் பேப்பரும் திருத்துற. இவ்வளவு வடிவா எழுதின புள்ள பிழையா எழுதியிரிக்கும் எண்டு ஆரு நினைக்கிற மகள்?”

“ஒருக்கா ஓட்டிப் பாத்திரிக்கலாமே. ஒரேயொருக்கா!”

அவர் கொப்பி சுற்றியிருந்த பொலித்தீனை மடித்து வைத்தார். நானும்தான் ஓட்டிப் பார்க்கவில்லை, அதனால் அதற்கு மேல் அழுத்திக் கேட்க எனக்கு வாயில்லை. அந்தப் பன்னிரண்டு கொம்பியூட்டர்களும் இன்னும் பூத்துணிக்குள்ளேயே இருந்தன. இத்தனை வருடம், இத்தனை பிள்ளைகள் என் எழுத்தைப் பார்த்து எழுதப் பழகி, என் பிழையையும் சேர்த்துப் பாடமாக்கி, என்னைப் போலவே எங்கெங்கோ போய் விழித்திருப்பார்கள். அவர்கள் யாரென்றுகூட எனக்குத் தெரியாது.

“சாச்சி, எட்டுப் புள்ளி” என்று பிள்ளை என் கையைச் சுரண்டினாள். அவளுக்கு வந்த வேலை தெரியும்.

சேர் விடைத்தாளை வாங்கிப் புள்ளடியை வெட்டிவிட்டு நாற்பத்து மூன்று போட்டார். சான்றிதழையும் அங்கேயே எழுதிக் கையெழுத்து வைத்தார். லெப்டொப் சொன்னதை நம்பாதவர், துருப்பிடித்த கிளிப்புக்குள் இருந்த தாள் சொன்னதை நம்பினார். அதற்கு நன்றி சொல்வதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பேனையை என் பக்கம் நீட்டினார்.

“கொப்பியில நீங்களே திருத்துங்க மகள். என்ட எழுத்து அதுக்குள்ள ஒத்து வராது.”

திருத்தினேன். ஈக்குவல்ஸ் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஓரத்துக்குப் போனது, போகட்டும். மனம் ஆறவில்லை. பக்கத்தின் அடியில் அடிமட்டம் வைத்து ஒரு பெட்டி கீறி, அதற்குள் என் வடிவான எழுத்தில் எழுதினேன்: ‘இதில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். கொம்பியூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு நம்பவும்.’

சேர் எட்டிப் பார்த்து, “மாஷா அல்லாஹ், நல்ல வடிவா இரிக்கி” என்றார்.

பிள்ளை கொழும்புக்குப் போய்விட்டாள். சில மாதங்களுக்குப் பிறகு, அவளோடு படித்த வீரமுனைப் பிள்ளை ஒருத்தியின் தங்கை என்னிடம் வந்தாள். அடுத்த வகுப்பில் அதே ஜாவாவை முடித்திருக்கிறாளாம், எந்தக் கம்பனிக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்க வந்திருக்கிறாள். கெட்டிக்காரி என்று காட்டுவதற்கு விடைத்தாளையும் கொண்டுவந்திருந்தாள். நான் நேரே கடவுச்சொல் கேள்விக்குப் போனேன்.

ஈக்குவல்ஸ் இருந்தது. ‘ழ’வுக்கு நீளமான வால் இருந்தது. விடையின் அடியில் அடிமட்டம் வைத்துக் கீறிய ஒரு பெட்டியும், அதற்குள் ஒரு சொல் பிசகாமல் என் இரண்டு வசனங்களும் இருந்தன. பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு குறிப்பு: ‘கோடு கோணல், அரைப் புள்ளி குறைவு.’

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அரைப் புள்ளிக்கு நான் ஏசப் போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ.

“ஓட்டிப் பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“எத அக்கா?” என்றாள்.